மூன்றாம் நாள் நின்ற சண்டை

புதன்கிழமை, அமாவாசை.

நாமக்கல்லில் அந்தப் போர்ப்படத்தை மூன்றாம் முறையாகக் காலைக் காட்சியில் பார்த்தேன். அண்ணன் போன எல்லைச் சண்டையையே படத்தில் மாற்றிவிட்டார்கள். இரண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும் வயிற்றுப்போக்கு வந்து, சண்டை மூன்றாம் நாளே நின்றுவிடும். சிரிப்பு அடங்கவேயில்லை. வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குப் படையல் போட்டிருந்த இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மாவிடம் கதை சொன்னேன். நிஜச் சண்டையில் அண்ணன் செத்தது ஐந்தாம் நாள். சொல்லும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. “மூணாம் நாளே நின்னுபோச்சா சாமி?”

“ஆமாங்கம்மா. சினிமாவுல.”

“பசங்கெல்லாம் ஊட்டுக்குத் திரும்பறதைக் காட்டறாங்களா?”

“காட்டறாங்க.”

“நாளைக்கு நானும் வாரேன். கூட்டிட்டுப் போ.”

டிக்கெட் எடுத்துவிட்டேன். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவளை எப்படி நாற்காலியிலிருந்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவருவது?