நாற்பது லீற்றருக்கு ஒரு ரோட்டர்

2003 மார்ச் 3, திங்கள்

காலையில் மூடுபனி. எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களின் பேச்சு மட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. சப்பாத்து இன்னும் காயவில்லை.

வேலை: திரவத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ரிபியூஜுக்குப் புது ரோட்டர், அதாவது உள்ளே சுழலும் பாகம், தெரிவு. வெள்ளிக்குள் படிவம் போகவேண்டும்.

தேயிலையின் கொப்புள நோயை அடக்கும் என்று நம்பி ஒரு பக்டீரியாவை நாற்பது லீற்றர் திரவத்தில் வளர்க்கிறோம். பிரித்தெடுத்தால் தேறுவது ஒரு கிண்ணம் களி. இப்போதுள்ள ரோட்டரில் ஆறு போத்தல், ஒரு சுற்றுக்கு மூன்று லீற்றர். ஆகப் பதினான்கு சுற்று. நிரப்பு, நிறு, சுழற்று, வடி, கழுவு. தொடரோட்ட ரோட்டர் என்றால் நிறுத்தவே வேண்டாம். சுழலச் சுழலத் திரவம் ஒரு பக்கம் உள்ளே போகும், தெளிந்தது மறுபக்கம் வெளியே வரும், பக்டீரியா உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் லெட்சுமியும் நானும் ஸ்டூலில் உட்கார்ந்து கதைப்போம். தோட்டத்தின் மேல் டிவிசனில் தொழிலாளர் லயத்துப் பெண், ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர். வேலைப் பேச்சைத் தவிர வேறு எதையும் என்னோடு பேசுவது இந்த மலையில் அவள் ஒருத்திதான். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கொழும்பு முகவர் அனுப்பிய மூன்று ரோட்டர் விபரம்:

அ. மிக வேகம். வைரஸ் பிரிப்பவர்களுக்கு. வைரஸுக்கு முன்னால் எங்கள் பக்டீரியா பூசணிக்காய். வேண்டாம்.

ஆ. பெரியது. நாற்பது லீற்றரும் அரை நாளில். தூக்க இரண்டு பேர். ஓடும்போதும் பம்பில் ஒருவர், வெளிக்குழாயில் ஒருவர்.

இ. சிறியது. தனி ஆள் தூக்கலாம். ஆனால் மெது. ஓட்டத்தைக் கூட்டினால் பக்டீரியா சுவரை எட்டுமுன் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

"ஆ"தான். லெட்சுமிக்கும் படத்தைக் காட்டினேன். "யாத்தே, இத தூக்க நாம ரெண்டு பேரும் ரெண்டு ரொட்டி கூட திங்கணும் மிஸ்."

பின்னேரம் அக்காவின் தொலைபேசி. "இன்னும் அந்தக் குளிருக்குள்ளயோ கிடக்கிறாய்?" கனடாவில் இருந்துகொண்டு கேட்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

மழை. மூன்றாம் சுற்று ஓடும்போது லெட்சுமி ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு:

"மிஸ், ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்ங்க. குவைத்துக்குப் போக ஏஜென்சியில பேரு குடுத்திருக்கேன்."

"அங்க என்னத்துக்கு?"

"வீட்டு வேலைக்குத்தாங்க. அம்மாவால இனி மலை ஏற முடியாது. நானும் நாலு வருசமா இங்க தற்காலிகந்தானே மிஸ்."

"போறதெண்டால் போம். எனக்கென்ன."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவள் போத்தல் கழுவப் போனாள்.

மார்ச் 7, வெள்ளி

படிவம் கொடுத்தாயிற்று. பென்சிலால் எழுதியிருந்த "ஆ"வை அழித்துப் பேனாவால் "இ". காரணம் என்ற கட்டத்தில்: ஒருவரே இயக்கலாம், உதவியாளர் தேவையில்லை.

போகிறவளை நம்பிப் பெரியதை வாங்கி யாரோடு தூக்குவது? இது பாதி உண்மை. மற்றப் பாதி கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேர் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆய்வுகூடத்துக் கண்டிக்காரர் எல்லாரும் வெள்ளியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாளில் நான் பேசிய மொத்தம், பேக்கரியில்: "ஒரு றாத்தல் பாண்." "பை வேண்டாம்."

குவாட்டர்ஸில் மூன்று அறை. ஒன்றில் நான். ஒன்றில் உடுப்புக் காய்கிறது. ஒன்றைத் திறப்பதில்லை. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று அக்காவுக்குச் சொல்வது பொய்.

மார்ச் 10, திங்கள்

வெயில்! லெட்சுமி உள்ளிச் சம்பலும் ரொட்டியும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"மிஸ், நா போகலைங்க. பேர வெட்டச் சொல்லிட்டேன்."

"ஏன், என்ன நடந்தது?"

"அம்மா ஒரே அழுவ. ஒங்களையும் தனியா வுட்டுட்டு எப்பிடிங்க போறது? அப்பறம் பெரிய ரோட்டரு வந்தா ரெண்டு பேரு வேணும்ல. என்னய நெரந்தரமாக்கித்தானே ஆவணும்?"

படிவத்தை மாற்றியதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். "சம்பல் நல்லா இருக்கு" என்றேன். படிவங்களை அனுப்பும் பிரதம லிகிதரிடம் ஓடினேன். படிவம் சனிக்கிழமைத் தபால் பையில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம்.

இன்னொரு கடிதம் எழுதினேன். "இ" எங்களுக்குப் பொருந்தாது, தெரிவு என் பிழை, "ஆ"வே வேண்டும், உதவியாளர் அவசியம். இரண்டு பக்கம். லெட்சுமிக்குச் சொல்லவில்லை. பதில் நல்லதாக வந்தால் சொல்லவே தேவையிராது.

மார்ச் 14

பதில் இல்லை. லெட்சுமி தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். குடிக்க வெட்கமாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்

பதில் வந்தது. "இ" அனுமதிக்கப்பட்டுள்ளது, தீர்மானத்தை மாற்ற இயலாது. அடியில் இன்னொரு பந்தி: ஒருவரே இயக்கலாம், உதவியாளர் தேவையில்லை என்று பொறுப்பதிகாரி தெரிவித்துள்ளதால் தற்காலிக உதவியாளர் பதவி இம்மாதத்துடன் நிறைவு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது இன்னொருத்தியை.

அவளுக்கான பிரதியையும் லிகிதர் என்னிடமே தந்தார். நான் கொடுத்தால் மனம் ஆறுவாளாம்.

லெட்சுமி போத்தல்களைச் சோடி சோடியாகத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

"பொறுப்பதிகாரின்னா நீங்கதானே மிஸ்?"

"ஓம். நான்தான் எழுதினனான். நீர் போறீர் எண்ட கோபத்தில."

அழுவாள், ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருக்கலாம். கடிதத்தை நாலாக மடித்தாள்.

"அந்த ஏஜென்சிக்காரன் பேர வெட்டிட்டானோ என்னமோ. ஒங்க மேச போன்ல ஒருக்காப் பேசிக்கட்டுங்களா?"

நம்பரை அவள் சொல்லச் சொல்ல நானே அழுத்திக் கொடுத்தேன்.