டாங்கியைக் கழற்றிக் காட்டியது

ஞாயிற்றுக்கிழமை, குஷாய்குடா.

அல்வால் மைதானத்தில் இன்று எங்கள் மாடல் சங்கத்தார் எல்லோரும் ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கிகளை ஓட்டினோம். கடையில் வாங்கிய டாங்கிக்கு, பிளாஸ்டிக் போல அச்சில் வார்த்த ரெசின் பாகங்கள் பொருத்தி, நான்கு மாதத்தில் அதை வேறு டாங்கியாகவே மாற்றியிருந்தேன். அது மேடு ஏறி இறங்கியதும் சங்கச் செயலாளர் என் கணவரிடம் வந்தார்.

"சார், ரெசின் பாகமெல்லாம் எப்படிப் பொருத்தினீங்க?"

"நான் தொடவே இல்ல. இவதான் செஞ்சா."

செயலாளர் சிரித்தார். "மேடம் பெயின்ட் அடிச்சிருப்பாங்க."

எனக்குச் சுர்ரென்றது. அங்கேயே டாங்கியின் மேல்பகுதியைக் கழற்றினேன். கோணலாக வந்த ரெசினை வெந்நீரில் போட்டு நிமிர்த்திய இடத்தையும், சால்டர் வைத்த ஒவ்வொரு ஒயரையும் காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் ஃபாக்டரியில் சால்டரிங் செய்த கை இது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "ஹவ் மேடம், ஆமா, ஒத்துக்கறேன்" என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. வந்திருந்த ஆண்களில் ஒருவர்கூட எதையும் கழற்றிக் காட்டவில்லை. என்னையும் யாரும் காட்டச் சொல்லவில்லை. நானேதான் ஓடிப்போய்க் காட்டினேன். அதுதான் உறுத்துகிறது.

இனி காட்ட மாட்டேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் என் டாங்கிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கட்டும்.