ஜூலை 2ஆம் தேதியை என் நாட்கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
துணையாசிரியர்,
காலை நாளிதழ் அலுவலகம்,
மூன்றாம் மாடி, அச்சகச் சாலை.

பெறுநர்:
வரி அதிகாரி அவர்கள்,
குடியிருப்பு நிர்ணயப் பிரிவு.

பொருள்: விசா மாறிய நாளைத் திருத்தி, வரிக் குடியிருப்புச் சான்று வழங்கக் கோருதல்.

பார்வை: தங்கள் கடிதம், நாள் பிப்ரவரி 9.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஆண்டில் என் பெயரில் கணக்கான நாட்கள் 182 என்று பார்வையில் கண்ட கடிதம் தெரிவிக்கிறது. வரிக் குடியிருப்பாளராக 183 நாட்கள் வேண்டும். ஒரு நாள் குறைகிறது.

2. ஜூலை 1 வரை வெளிநாட்டுக் காலை நாளிதழொன்றின் நிருபர் விசாவில் இங்கிருந்தேன். அந்த நாட்கள் கணக்கில் சேரா. அதை நான் மறுக்கவில்லை. பணி விசாவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. படிவத்தில் அந்த நாளை ஜூலை 3 என்று எழுதியவன் நானே. உண்மையில் சேர்ந்தது ஜூலை 2.

3. இந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை நாளிதழில் இன்று செய்யும் வேலைக்கெல்லாம் நாளைய தேதி. வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான். முந்தைய நாளிதழையும் சேர்த்து இருபத்தாறு ஆண்டுகளாக நான் ஒரு நாள் முன்னதாகவே வாழ்ந்து வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று பிற்பகல் என் மேசையருகே ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பெய்துகொண்டிருந்த மழையை, ‘நேற்று பெய்தது’ என்று திருத்திப் பக்கத்தை அனுப்பினேன். மாலையில் படியிறங்கியபோது நேற்றைய மழை என் சட்டையை நனைத்தது. தெரு முழுவதும், முடிந்துபோன ஒரு நாளுக்குள் மனிதர்கள் குடைபிடித்து நடப்பதுபோல் இருந்தது. அந்த மயக்கம் கலையாமலே மறுநாள் தங்கள் படிவத்தை நிரப்பினேன்.

4. நிர்வாகம் அளித்த சான்றும் பதிவேட்டைப் பார்த்து எழுதியதே. ஆகவே அதிலும் ஜூலை 3. தங்கள் அலுவலக எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டு, இப்ப அந்த நாள் இல்லைன்னா நான் எங்க போறது?” என்றார். அவர்மேல் குறையில்லை.

5. எங்கள் கட்டடத்தில் சரியான தேதி எழுதுபவர் ஒருவரே: அச்சு இயந்திர ஓட்டுநர். மின்அளவியைப் பார்த்து அன்றன்றே குறிப்பவர். “உங்களுக்கெல்லாம் நாளைக்குத்தாண்ணே இன்னிக்கு. என் மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது” என்று சிரித்தபடி குறிப்பேட்டைப் புரட்டிக் காட்டினார். ஜூலை 2, மாலை 6.40: வெளியூர்ப் பதிப்பு ஓட்டம். பக்கத்தை ஒப்படைத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அந்த நாளையும் சேர்த்தால், டிசம்பர் 31 வரை 183.

6. என் மனைவி காலமான பின் எங்கள் ஒரே மகள் சொந்த நாட்டில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். அவளை இங்கு அழைத்துவரக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தங்கள் சான்று இன்றி அது பரிசீலிக்கப்படாது என்பது விசா அலுவலகத்தின் எழுத்துபூர்வமான பதில். அவள் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் படிக்கிறாளாம்.

7. ஆகவே, குறிப்பேட்டை ஆய்ந்து, அந்த ஒரு நாளைச் சேர்த்துச் சான்று வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் நேரில் பார்வையிட விரும்பினால், இயந்திர ஓட்டுநர் எந்தப் பிற்பகலிலும் இருப்பார்.

8. இன்னும் வர வேண்டியவை: குறிப்பேட்டின் சான்றொப்பமிட்ட நகல், பிப்ரவரி 18 அன்று. தங்கள் முடிவு, அதற்கு நாள் குறிக்கப்படவில்லை. விசா அலுவலகம் சான்றை ஏற்பது பிப்ரவரி 28 வரை. மார்ச் 11 அன்று மகளுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. அதன்பின் குடும்ப விசாப் படிவத்தில் அவளை என் பிள்ளை என்று எழுத இடமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

நாள்: பிப்ரவரி 13
இடம்: மேற்கண்ட முகவரி