பணிஸ் தட்டைக் கருக்கினது ஆரு

ஜனவரி 7, புதன்

சீனி 214.

கிளினிக் மிஸ் இந்தக் கொப்பியைத் தந்து, விரலில குத்திப் பாத்து ஒவ்வொரு நாளும் சீனியை எழுதிக்கொண்டு வரச் சொன்னா. வேற ஒண்டும் எழுதக் கூடாதா எண்டு கேட்டன். உங்கட விருப்பம், ஆனா பொய் எழுதாதீங்க எண்டா. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவனுக்கு ஐம்பது வயசில கொப்பி கிடைச்சிருக்கு. விடுவேனா.

காலையில பாண்டிருப்புக்குப் போய் குணத்தின்ட பேக்கரியில, ஒழுங்கை ஒழுங்கையாப் பாட்டுப் போட்டு விக்கிறதுக்கு ஆட்டோவுக்குப் பாண் ஏத்தினன். டிவியில செய்தி ஓடுது. ஆள் இல்லாத விமானம் குண்டு போடுதாம். இன்னொரு நாட்டில மௌத்தாகி மண்ணுக்குள்ள போன தகப்பனோட போனில கதைக்கலாமாம், கம்பியூட்டர் அவர்ட குரலிலயே பதில் சொல்லுமாம். குணத்துக்குச் சொன்னன், அப்ப உன்ட அப்பாவை எடு, தம்பிமுத்து ஐயாட்ட அந்தப் பணிஸ் கருகின விசளத்தை ஒருக்கா கேப்பம் எண்டு. "அப்பா உன்னைக் கேக்கமாட்டார், பக்கீரைத்தான் கேப்பார்" எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன்.

சிரிச்சன்தான்.

ஜனவரி 9, வெள்ளி

சீனி 198. சொந்தப் பாணைத் தின்னாட்டி குறையுது. வியாபாரத்துக்கு நல்ல விளம்பரம்.

பக்கீர் கப்பலில இருந்து குரல் பதிவு அனுப்பியிருக்கான். பக்கீர் என்ட தங்கச்சி நிஹாராட மாப்பிள்ளை. சிமெந்து ஏத்துற கப்பலில குக். ரொட்டி சுடுறதை, மீன் வெட்டுறதை எல்லாம் போனில வீடியோவாப் போடுவான், ஊரில பாதிப் பேர் பாப்பாங்க. இந்த முறை கப்பல் செங்கடல் பக்கம் போகுதாம். அந்தப் பக்கம் சண்டைதானே மச்சான் எண்டு கேக்க நினைச்சன். நான் கேட்டது வேற. "என்ன கருகல், கப்பலையும் கருக்கிப் போடாத" எண்டு அனுப்பினன். சிரிச்ச மூஞ்சிப் படம் ஒண்டு அனுப்பினான்.

இருபது வருசமா அவனுக்கு ஊரில பேர் கருகல் பக்கீர். வைச்சவன் நான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு எண்டு, மேல சீனி ஒட்டின இருநூறு கிம்புலா பணிஸ், பாண் சுடுற போறணையில கரியாப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் அப்ப அங்கதான் வேலை. தம்பிமுத்து ஐயா அண்டைக்கே பக்கீரை வேலையில இருந்து நிப்பாட்டிட்டார்.

மிஸ் பொய் எழுத வேணாம் எண்டா. அதால எழுதுறன். போறணையைப் பாக்க வேண்டியவன் நான். கிரிக்கெட் பாக்க முன்கடைக்குப் போயிட்டன். எனக்குக் கலியாணம் முடிஞ்சு ஒரு மாசம். ஐயா கத்துறாரு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தப் பதினெட்டு வயசுப் பெடியன், நான்தான் ஐயா எண்டுட்டான். வேலை போய் ஹோட்டல் ஹோட்டலா அலைஞ்சு சமையல் பழகினான், கப்பலுக்குப் போனான். பிறகு என்ட தங்கச்சியையே கட்டினான். அதுக்குப் பிறகும் நான் கருகல் எண்டு கூப்பிடுறன். அவன் ஓம் காக்கா எண்டுறான். நிஹாராக்குக்கூடத் தெரியாது.

இந்தப் பக்கத்தைக் கிளினிக்குக்குக் கொண்டு போறல்ல.

ஜனவரி 13, செவ்வாய்

சீனி 240.

கொழும்புக் கொம்பனி நிஹாராக்குப் போன் எடுத்திருக்கு. ஆளில்லாத விமானம் ஒண்டு கப்பலில விழுந்து நெருப்பாம். எல்லாரும் படகில இறங்கினாங்களாம். ஒரு படகை ஆக்கள் தேடுறாங்க. அஞ்சு பேர். பக்கீர் அதில.

கப்பலைக் கருக்கிப் போடாத எண்டு நான் அனுப்பினது அந்தப் போனில கிடக்கும். எந்தத் தண்ணிக்குள்ள கிடக்கோ.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குணம் பேக்கரியை அரை நாளில மூடிட்டு சர்க்கரைப் பொங்கல் ஒரு பையில கட்டித் தந்தான். சீனிக்காரனைக் கொல்லவா பாக்கிறாய் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கினன். அதுதான் இண்டைக்கு நான் கடைசியாச் சொன்ன பகிடி.

கல்முனைக்குடியில பாண் குடுத்துக்கொண்டு இருக்கக்குள்ள ஒரு பொம்பிளை போனை நீட்டினா. காக்கா, இது உங்கட மச்சான்தானே. பக்கீர்தான். நெருப்புக்கு முன்னால நிக்கிறான். நாங்க எரியிறம், உம்மாக்குச் சொல்லுங்க, எனக்காகத் துஆ செய்ங்க எண்டு சொல்றான். அவன்ட வாய். அவன்ட குரல். பாட்டை நிப்பாட்டிட்டு, ஆட்டோக்குள்ள இருந்து பதினொரு தரம் பாத்தன்.

நிஹாராட ஊட்டுக்கு அதைக் கொண்டு போனதும் நான்தான். பக்கீர்ட உம்மா, ஆமினா உம்மா, போனைக் காதில வைச்சு, என்ட புள்ளட குரல், என்ட புள்ளட குரல் எண்டா. நிஹாரா பாக்கல்ல. சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டா.

பொங்கல் பை ஆட்டோவிலயே கிடந்து புளிச்சுப் போச்சு.

ஜனவரி 16, வெள்ளி

ஸைனுலாப்தீன் ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில இருக்கிறவர். ரெண்டு தரம் கேட்டார், உறுதியா காலிதீன் எண்டு. "என்ட மச்சான்ட குரல் எனக்குத் தெரியாதா ஹாஜியார்" எண்டன். பக்கீர் மௌத்து எண்டு பள்ளி ஸ்பீக்கரில பேர் சொன்னாங்க. ஜும்மா முடிய, அடக்க மையத்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை.

நிஹாரா இத்தாவில இருந்திட்டா. காதுத் தோட்டைக் கழட்டி என்ட மனிசிட கையில குடுத்தாளாம். மாப்பிள்ளை மௌத்தானவளுக்கு நாலு மாசம் பத்து நாள் அந்த அறைதான். பிற ஆம்பிளையளோட கதை இல்லை. வாசலில சீலை கட்டிட்டாங்க.

சீனி பாக்கல்ல.

ஜனவரி 19, திங்கள்

குணத்தின்ட மகள் தர்மிகா கெம்பஸில கம்பியூட்டர் படிக்கிறா. இண்டைக்கு பேக்கரியில வைச்சு, மாமா அந்த வீடியோவை ஒருக்காக் காட்டுங்க எண்டா. பாத்தா. பிறகு தன்ட போனில பக்கீர் போன மாசம் போட்ட ரொட்டி வீடியோவை எடுத்து பக்கத்தில வைச்சா. அதே சேட். அதே தலைச் சாய்ப்பு. ரொட்டிக் கல்லு நிண்ட இடத்தில நெருப்பு. சட்டைக்கு மேல போட்டிருக்கிற மிதவைச் சட்டையில எழுத்து இருக்கு, ஆனா அது ஒரு பாசையிலயும் எழுத்து இல்லையாம், எழுத்து மாதிரிக் கிறுக்கலாம்.

"ஆரோ கம்பியூட்டரில செஞ்சது மாமா. செய்தி பாத்திட்டு, ஆக்கள் நிறையப் பாக்கணும் எண்டு."

பதினொரு தரம் பாத்தன். எழுத்தைப் பாக்கல்ல. எழுத்தோட பழக்கம் இல்லாதவன் எழுத்தையா பாப்பான்.

மூண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்களாம். கீழ எல்லாரும் அழுகிற மூஞ்சி போட்டிருக்காங்க. செஞ்சவன் எங்க இருந்து சிரிக்கிறானோ. நானும் மனிசரைச் சிரிப்பாக் கதைச்சுப் பிழைக்கிறவன்தான். ஆனா இது என்ன பகிடி? இதில ஆருக்குச் சிரிப்பு வரும்?

ஜனவரி 20, செவ்வாய்

சீனி 261.

ஹாஜியார்ட்டப் போனன். தொழுத தொழுகையைத் திருப்பி எடுக்கேலாது காலிதீன் எண்டார். ஏசினாலும் பரவாயில்லை, மெதுவாத்தான் சொன்னார். மௌலவி, மௌத்து உறுதியில்லாட்டி இத்தாவும் இல்லை, தங்கச்சியை வெளிய வரச் சொல்லுங்க எண்டார்.

சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து நிஹாராக்குச் சொன்னன். சீலைக்குக் கிட்ட வந்து நிண்டா. பிறகு கேட்டா: "வீடியோ பொய் எண்டா அந்தப் படகும் பொய்யா காக்கா?"

கொம்பனி இன்னும் தேடுது எண்டன்.

"ஒருக்கா வெளிய வந்திட்டு திரும்பவும் உள்ள போக என்னால ஏலா. இருக்க விடுங்க."

நான்தான் அவளை உள்ள அனுப்பினன். பக்கீரைக் கப்பலுக்கு அனுப்பினதும் நான்தான். போறணைக்கு முன்னால வாய் திறக்காதவன் பள்ளிக்குப் போய் வாய் திறந்தன்.

ஜனவரி 23, வெள்ளி

பாட்டுப் போடாமப் பாண் விக்கிறன். ஒருத்தருக்கும் நான் வந்தது தெரியுதில்லை. முக்கால்வாசி திரும்பி வந்திச்சு. குணம் ஒண்டும் சொல்லல்ல. அவன் சும்மா இருந்தா எனக்குப் பயம்.

ஜனவரி 27, செவ்வாய்

மழை. எந்த ஒழுங்கைக்குப் போனாலும் போனை நீட்டுறாங்க. இது உண்மையா காக்கா, அது பொய்யா காக்கா? ஒரு ஊரில வெள்ளம், ஒரு இடத்தில புள்ளையள் இடிஞ்ச கட்டிடத்துக்குள்ள. ஒரு புள்ளைட முகத்தில தூசி. பொய்யா இருக்கணும் எண்டு கேட்டுக்கொண்டு பாத்தன். அது உண்மையாம். தர்மிகா சொன்னா. உண்மையைப் பாத்து பொய்யா இரு எண்டும், பொய்யைப் பாத்து உண்மை எண்டும்... என்ன காலம் இது. இந்தக் கண் ரெண்டையும் வைச்சு இனி என்ன செய்யிற?

ஜனவரி 31, சனி

அவசரப்படாம, ஆறுதலா எழுதுறன்.

பத்து மணி இருக்கும். நிஹாராட ஊட்டில பாண் குடுக்க நிண்டன். குணமும் வந்திருந்தான், ஆமினா உம்மாக்கு மருந்து வாங்கிக்கொண்டு. என்ட போன் அடிச்சிது. நீளமான வெளிநாட்டு நம்பர். எடுத்தா, காக்கா எண்டு கேக்குது.

பக்கீர்ட குரல்.

ஸ்பீக்கரைப் போட்டன். வேணும் எண்டு போடல்ல, விரல் பட்டுச்சு. படகு ஒதுங்கி, மீன்பிடிக்காரங்க எடுத்தாங்களாம், பேர் தெரியாத ஊரில ஆஸ்பத்திரியாம், பத்து நாள் நினைவில்லையாம். நேர்ஸ்ட போனாம். போன முறை லீவில வந்தப்ப என்ட ஆட்டோப் பக்கத்தில பாண் ஓடருக்கு எண்டு பெயிண்டால நம்பர் எழுதினது அவன்தானே, அந்த ஒரு நம்பர்தான் மனசில நிக்குதாம். குரல் திக்கித் திக்கி வருது. ஆமினா உம்மா அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. முகத்தைக் காட்டு எண்டன். காட்டினான். பாதி முகம் துணியால சுத்தியிருக்கு.

நிஹாரா, வந்து கதை புள்ள எண்டு கூப்பிட்டன்.

அவ வரல்ல. சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னா: "குரலும் வரும், முகமும் வரும் எண்டு பாத்திட்டம்தானே காக்கா. பிற ஆம்பிளையா இருந்தா? இத்தாவில இருந்துகொண்டு நான் எப்பிடிக் கதைக்கிற?"

அங்கால அவன் கேட்டுக்கொண்டு இருக்கான். இத்தாவா, ஆருக்கு இத்தா எண்டு கேக்கிறான். ஆருக்கு எண்டு நான் என்னத்தைச் சொல்ல.

அவன்ட உம்மாட பேரைக் கேள் எண்டான் குணம். அது ஊருக்கே தெரியும். கலியாணத் திகதி? அவன்தான் எல்லாத்தையும் வீடியோவில போட்டவன். தர்மிகா சொல்லியிருக்கா, நாங்க போனில போட்ட எல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியுமாம். போனில போடாதது என்ன இருக்கு? ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கு?

ஒண்டே ஒண்டு இருந்திச்சு.

குணம் பக்கத்தில நிக்கிறான். அவன்ட அப்பாட பேக்கரி. கேட்டன்.

"பக்கீர். அண்டைக்கு பணிஸ் தட்டைக் கருக்கினது ஆரு?"

குணம் என்னைப் பாத்தான், இந்த நேரத்திலயும் பகிடியா எண்டு. லைன் போச்சாக்கும் எண்டு நினைச்சன். பிறகு மெதுவாக் கேட்டான்:

"காக்கா, ஸ்பீக்கரிலயா இரிக்கி?"

"ஓம்."

"ஆரெல்லாம் நிக்கிற?"

"நிஹாரா. உம்மா. குணம்."

"அப்ப நான்தான்."

எனக்கு அழுகை வந்திட்டு. உம்மா மௌத்தானப்பகூட ஆக்களுக்கு முன்னால அழாதவன் நான். சீலையைப் பாத்துச் சொன்னன், நிஹாரா, இது பக்கீர்தான், கருக்கினது நான், வேலை போனது அவனுக்கு, இருபது வருசமா எனக்காகப் பொய் சொல்றான், இப்ப அந்தக் கட்டிலில கிடந்துகொண்டும் சொல்றான். எந்த மெஷினுக்கு இது வரும்?

சீலை அசைஞ்சிது. நிஹாரா வெளிய வந்தா. பதினாறு நாளுக்குப் பிறகு அவட முகத்தைப் பாத்தன். என்ட கையில இருந்து போனை வாங்கினா, ஸ்பீக்கரை நிப்பாட்டினா, உள்ள போய்க் கதவைச் சாத்தினா.

குணம் வாசலில செருப்பைப் போட்டுக்கொண்டு, "அப்பா மௌத்தாகுமட்டும் அவனைத்தான் ஏசினவர்" எண்டான். அவன் மௌத்து எண்டு எங்கட சொல்லைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தரம். கொண்டு வந்த மருந்தைப் படியில வைச்சிட்டுப் போயிட்டான்.

பெப்ரவரி 2, திங்கள்

சீனி 205.

பேக்கரிக்குப் போகக் கால் வரல்ல. போனன். குணம் பாண் ஏத்தினான், கதைக்கல்ல.

பக்கீர் இருந்த படகில அஞ்சு பேர். மூண்டு பேர்தான் கிடைச்சிருக்காங்க. மற்ற ரெண்டு பேருக்கும் எந்த ஊரில ஆரு சீலை கட்டியிருக்காங்களோ.

பெப்ரவரி 6, வெள்ளி

சீனி 189.

பக்கீரைக் கொண்டு வர ரெண்டு மாசம் ஆகுமாம். இடது காது கேக்காதாம். ஹாஜியார் பள்ளி ஸ்பீக்கரில அவன் உயிரோட இருக்கிறதையும் சொல்லச் சொன்னார். அந்த வீடியோ இண்டைக்கும் ஓடுது, அஞ்சு லட்சம் ஆயிட்டாம். உயிரோட இருக்கான் எண்டு தர்மிகா கீழ எழுதினா. நாலு பேர் பாத்திருக்காங்க. அதில ஒருத்தன் நீ பொய் சொல்றாய் எண்டு எழுதியிருக்கான்.

காலையில ஆட்டோவில பாண் ஏத்தினாப் பிறகு குணம் உள்ள போய் ஒரு கடதாசிப் பையைக் கொண்டு வந்து முன் சீட்டில வைச்சான். திறந்து பாத்தன். ஒரு கிம்புலா பணிஸ். அடியில இருந்து முனை வரைக்கும் கரி. வேணும் எண்டு கருக்கியிருக்கான்.

"உனக்குச் சீனி. கருகினதில சீனி குறைவு" எண்டான். முகத்தில சிரிப்பு இல்லை. திரும்பிப் போறப்ப முதுகு குலுங்கிச்சு.

பாட்டைப் போட்டன். முதல் ஒழுங்கைக்குள்ள திரும்பக்குள்ள ஒரு பொம்பிளை படலையைத் திறந்துகொண்டு கூப்பிட்டா: "கருகல் காக்கா, ரெண்டு பாண்."

ஓம் எண்டு நிப்பாட்டினன்.