பிரேக்கில் தடவிய கிரீஸ்

அன்பு மகன் சைஃபுல்லாவுக்கு அத்தாவின் அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், நீ ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. ஒரு எடத்துல உக்காந்து எழுதுங்க, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தா எழுத்து வருமா என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். போனில் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன்.

ஆமத்தூர்ப் பக்கம் ஓடையில் இறங்கிய வேனை இழுக்கப் போன இடத்தில் நம் ஜீப்பில் ரோப்பைச் சுற்றி வண்டி இழுக்கிற வின்ச் வழுக்கி, வேன் டிரைவர் கருப்பணன் கால் முறிந்தது உனக்குத் தெரியும். ஏன் வழுக்கியது என்று நான் சொல்லவில்லை. போன லீவில் நீ பத்து நாள் உட்கார்ந்து அந்தப் பழைய வின்ச்சை முழுக்கப் பிரித்துப் பூட்டினாய். மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றினாய், பல்சக்கரங்களுக்கு அளவாகக் கிரீஸ் வைத்தாய், ரோப் சுற்றும் டிரம்முக்குள் இருக்கிற பிரேக்கில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது அத்தா என்று மூன்று தடவை சொன்னாய். என் காதில் விழத்தான் செய்தது. நீ விமானம் ஏறி ஒரு மாதம் கழித்து, ஒரு காரை மேட்டிலிருந்து இறக்கிவிட்டு டிரம்மைத் தொட்டேன், கொதித்தது, கருகிய வாடையும் வந்தது. பட்டாசு லோடு ஏற்றும் இடங்களிலேயே நாற்பது வருஷம் கிடந்தவன் நான், இரும்பு உரசிச் சூடாகிறது என்றாலே நெருப்புப் பயத்தில் எண்ணெயைத் தேடுவேன். உரசினால்தான் அந்த பிரேக் வண்டியைப் பிடிக்கும் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. பிரித்து, கிரீஸை விரலால் வழித்து பிரேக்கில் தடவி, திரும்பப் பூட்டிவிட்டேன். உனக்கு நான் சொல்லவே இல்லை.

வேனை இழுக்கப் போன அன்றைக்கு நல்ல மழை. வேனில் இருந்த பட்டாசுப் பெட்டிகளை எல்லாம் இறக்கிய பிறகுதான் வின்ச்சைப் போட்டேன், அதில் குறை வைக்கவில்லை. வேன் பாதி ஏறியதும் வின்ச்சை நிறுத்த ஸ்விட்சை விட்டேன், சக்கரத்துக்கு முட்டுக் கல் வைக்கக் கருப்பணன் குனிந்தான், பிரேக் பிடிக்காமல் ரோப் ஓடி, வேன் பின்னால் வந்து அவன் பாதத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வேன் முதலாளி இராமகிருஷ்ணன், யாரு பாய் அந்த வின்ச்சைப் பூட்டுனது என்று கேட்டார். எம் மகன்தான் என்றேன். அதற்குப் பிறகு நான் திறந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை, பயந்துவிட்டேன். விருதுநகரில் நீ பட்டறை போடத் தன் குடோனைத் தருகிறேன் என்று சொன்ன அதே மனிதர், அப்ப அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருதேன், தப்பா நெனைக்காதீக என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தை நம்பித்தான் அடுத்த மாதம் வேலையை விட்டு வருகிறாய் என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் டிரம்மைத் திறந்தால் பிரேக் முழுக்க நான் தடவிய கிரீஸ். நாலு நாள் அதைப் பொத்தி வைத்திருந்தேன். அப்புறம் தாங்காமல் கருப்பணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, எங் காலு ஆறிரும் பாய், உங்க மகன் பேரைக் கெடுத்துட்டீகளே, மொதல்ல அதைப் போய்ப் பாருங்க என்றான். திட்டியிருந்தால் தேவலை. அங்கிருந்து நேரே இராமகிருஷ்ணன் கம்பெனிக்குப் போய், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் கேட்க, மகன் மேல் தப்பில்லை, கெடுத்தது நான் என்றேன்.  அவர், உங்க மகன் வந்து எங் கண்ணு முன்னால வின்ச்சைப் பூட்டட்டும், குடோனை வேற யாருக்கும் குடுக்கல, அம்புட்டு நாளும் பூட்டியே கெடக்கட்டும், ஆனா அது வரைக்கும் நீங்க அந்த வின்ச்சைத் தொடக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அது பிரித்தது பிரித்தபடி சாக்கில் கட்டிக் கிடக்கிறது. சீசன் நேரம், இழுக்க வரச்சொல்லி தினமும் போன் வருகிறது, முடியாது என்று சொல்லிவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு மகனே. கோபம் இருந்தால் கூப்பிட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கருப்பணனுக்கும் மறக்காமல் ஒரு போன் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் பரக்கத்தும் தந்து நல்லபடியாக வீடு கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அத்தா சுல்தான்

ஸ்பானர் பெட்டிச் சாவியை, நான் கேட்டாலும் தராதே என்று உன் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். சீக்கிரம் வா.