மூன்றாம் நாள் அளவுகள்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு நாலு தடவை மாடி ஏறி இறங்குகிறார், உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

உன் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். நீ அனுப்பவில்லை, நான் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர்தான் கல்லூரி ஆய்வகத்துக்கே வந்து, உங்க பொண்ணு பிரமாதமா எழுதியிருக்காம்மா என்று என்னிடம் நீட்டினார். பெருமையாகத்தான் வாங்கினேன், இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி படித்தேன். போன வருஷம் விடுமுறையில் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, ஆர்கான் வாயு நிரப்பிய மின்குழாயைக் காட்டி நான் என்ன சொன்னேன்? எதிர்மின் தகட்டில் கிளம்புகிற எலக்ட்ரானுக்கு அங்கேயே வேகம் ஏது, பின்னே மின்னழுத்தத்தை ஏற்றினால் தகட்டை ஒட்டி ஏன் இவ்வளவு வெளிச்சம், கோடி அணுவுக்கு ஒன்று என்று இருக்கிற அயனிதான் தகட்டை நோக்கிப் பாய்ந்து அணுவில் மோதுகிறது, மோதப்பட்ட அணு ஓடிப்போய் இன்னொன்றில் மோதுகிறது, அந்த ஒளிதான் இது என்றேன். நீ சிரித்தாய். உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், குழாயைத் துடைச்சு வெச்சா போதாதா என்றாய். அதே விஷயம் இப்போது உன் கண்டுபிடிப்பு, நான் நாள்தோறும் அளந்து எழுதிய நோட்டிலிருந்து நீ போனில் படம் எடுத்த அளவுகள் உன் அளவுகள். கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறாய், உன் பேராசிரியர் வீட்டு நாய்க்குக்கூட. என் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். பெற்ற பெண்ணே முதுகில் குத்துவாள் என்று நான் நினைத்ததேயில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. நான் அளவெடுத்த மூன்றாம் நாள் குழாயின் மூட்டு வழியாக உள்ளே காற்று கசிந்துவிட்டது, அன்றைய வெளிச்சத்தில் பாதி, அந்தக் காற்றிலிருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது. இந்த அளவு செல்லாது என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், நீ ஓரத்தை விட்டுப் படம் எடுத்திருக்கிறாய். தெரிந்து விட்டாயா, அவசரத்தில் விட்டாயா, கேட்கவே பயமாக இருக்கிறது. உன் கட்டுரை முழுக்க அந்த மூன்றாம் நாளை நம்பித்தான் நிற்கிறது. நம் குழாயிலேயே மாணவர்களை வைத்து உன் கட்டுரையைச் சரிபார்க்கத் தலைவர் அடுத்த மாதம் முதல் தேதி என் நோட்டைக் கேட்டிருக்கிறார். கொடுப்பேன், சின்னு. உனக்காகப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். அதற்குள் நீயே கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதித் திருத்திவிடு. மூட்டைச் சரிசெய்து நாலாம் நாள் எடுத்த அளவுகளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், ஒளி குறைவுதான், ஆனால் அயனி மோதலைக் காட்ட அது போதும். என் பெயரைப் போடுவதும் போடாததும் உன் மனசு.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கே இருந்தாலும் நன்றாக இரு. முதல் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
குழாய் துடைக்கிற உன் அம்மா