உறவுக்காரர்களுக்கு விலக்கில்லை

மார்ச் 4, செவ்வாய்

தங்கை வீட்டு பால்கனியில் ஓர் அட்டைப்பெட்டி. நீளமான பெட்டி. ஆன்லைன் கடையின் பேர் அச்சடித்த டேப், "கவனமாகக் கையாளவும்" என்று ஒரு ஸ்டிக்கர். அதன்மேல் துணி கிளிப் கூடையை வைத்து மறைத்திருந்தாள். மறைக்கிறவள் ஒழுங்காக மறைக்க வேண்டாமா? இசைக்கருவிக் கடை வைத்துப் பிழைக்கிற எனக்கு வயலின் பெட்டியின் நீளம் தெரியாதா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள், குடித்தேன், வந்துவிட்டேன்.

மூன்று சனிக்கிழமை! தங்கை மகள் குட்டிக்கு (பதினான்கு வயசாகியும் எல்லாருக்கும் குட்டிதான்) முக்கால் அளவு வயலின் போதவில்லை, முழு அளவுக்கு வர வேண்டிய நேரம். ஏப்ரல் கடைசியில் இளையோர் இசைக்குழுவுக்குத் தேர்வு. மூன்று சனிக்கிழமை என் கடைக்கு வந்து, மாட்டியிருந்த ஒவ்வொரு வயலினையும் வாசித்தாள். வந்த வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பார்த்து, புதுத் தந்தி போட்டு, அவள் பேரை எழுதி உள்ளறையில் எடுத்து வைத்தேன். இவர்கள் என்னடாவென்றால் மாடல் பேரைக் குறித்துக்கொண்டு போய் அங்கே ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.

இது தங்கையின் யோசனையாக இருக்காது. அவள் வீட்டுக்காரரின் கைங்கரியம். அந்த மனுஷருக்கு நான் வைத்த பேர் தள்ளுபடி. சீப்பு வாங்கினாலும் இரண்டு ஆப்பைத் திறந்து விலை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தலை படியும்.

அதே மாடலாம்! மரம் என்ன ஜெராக்ஸா, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க?

மார்ச் 5, புதன்

கோபம் அப்படியே இருக்கிறது. துளிகூடக் குறையவில்லை.

மார்ச் 7, வெள்ளி

டை கட்டிய ஓர் ஆள். காலை முழுக்க என் ஸ்டூலில் உட்கார்ந்து என் கிடார்களை வாசித்தார். பிறகு ஒன்றின் உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் போனில் படம் எடுத்தார். என் கண் முன்னாலேயே! "ஆன்லைன்ல இன்னும் கம்மியா வருது மேடம்" என்று எனக்கே தகவல் வேறு. அதோடு போனாரா? "வந்ததும் இங்க எடுத்துட்டு வந்தா டியூன் பண்ணித் தருவீங்கல்ல?"

"அங்கயே கேளுங்க. போன்லயே டியூன் பண்ணித் தருவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்துக் கடை கண்ணாடிக்காரர் வந்து ஆறுதல் சொன்னார். அவருக்கும் இதே பாடுதான். "என்கிட்ட கண்ணைச் சோதிச்சுக்கறாங்க, மூக்கை அளந்துக்கறாங்க. ஃபிரேம் மட்டும் பார்சல்ல வருது. நான் என்ன, மூக்களக்கவா கடை போட்டேன்?" இருவரும் சேர்ந்து மனதாரத் திட்டினோம். கொஞ்சம் நன்றாக இருந்தது.

சாயங்காலம் பலகை எழுதி வாசலில் ஆணி அடித்து மாட்டினேன்.

"வாசித்துப் பார்க்கக் கட்டணம் உண்டு. வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும். உறவுக்காரர்களுக்கு விலக்கில்லை."

கடைசி வரியை மட்டும் சிவப்பில் எழுதினேன்.

மார்ச் 9, ஞாயிறு

படிக்கிற கண்ணாடியின் காம்பு உடைந்துவிட்டது. ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போட்டேன், கடை முகவரிக்கு. பக்கத்துக் கடையில் வாங்கலாம்தான். ஆனால் அவர் தனக்குப் பிடித்த ஃபிரேமாக என் மூக்கில் மாட்டிவிட்டு, "உங்க முகவெட்டுக்கு இதுதான்" என்று உட்கார்ந்துவிடுவார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. பிறகு தினமும் அதைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே நடமாட வேண்டும்.

அது வேறு விஷயம்.

மார்ச் 11, செவ்வாய்

வந்தார் தள்ளுபடி. கையில் அந்தப் பெட்டி. பலகையைப் படித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணி, இதுல சத்தம் ஒரு மாதிரியா வருது. ஒரு தந்தியை வாசிச்சா பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கேக்குது. நீங்க கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. குதிரையை ஒட்டி வைத்திருக்கிறார்! தந்திகளைத் தாங்கி நிற்கிற அந்தச் சின்ன மரத்துண்டு இருக்கிறதே, அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். அதுவும் பக்கம் மாற்றி. உயரமான பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தாழ்ந்த பக்கம்.

"இதை யார் ஒட்டினது?"

"நான்தான் அண்ணி. வரும்போதே கழண்டு வந்துச்சு."

"கழண்டு வரல. கழட்டித்தான் அனுப்புவாங்க. இதுக்குப் பசையே கிடையாது. தந்தியோட அழுத்தத்துல தானா நிக்கும்."

"அதுல எழுதியிருக்கலாமே..."

"கடைன்னு ஒண்ணு இருந்தா நிறுத்திக் குடுத்திருப்பாங்க."

என்ன பசை என்று கேட்டேன். செருப்பு ஒட்டுகிற பசை. ஒட்டினது போதாதென்று இரண்டு தடவை பூசியிருக்கிறார். குதிரையை எடுத்தால் அடியில் மேல்பலகையின் மெருகும் உரிந்துகொண்டு வரும். நான் சிரித்தேன். நல்ல சிரிப்பில்லை, எனக்கே தெரியும். எங்க வாங்கினீங்களோ அங்கயே குடுங்க என்றேன். ஒட்டியதால் அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அப்படியா, ரொம்பச் சந்தோஷம் என்றேன். தேர்வு வருதே அண்ணி என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போனதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை.

மார்ச் 12, புதன்

தங்கை போன். எடுத்த எடுப்பிலேயே, "அவரைப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்ச?"

நானும் விடவில்லை. மூன்று சனிக்கிழமை, புதுத் தந்தி, கிளிப் கூடை, எல்லாவற்றையும் கொட்டினேன். உன் அக்காவோட கடையைத் தாண்டி எவனோ ஒருத்தன்கிட்ட போய் வாங்கத் தோணிச்சா உனக்கு என்று கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"அவர் ஆர்டர் போடலக்கா. நான்தான் போட்டேன். உன்கிட்ட வாங்கினா பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க முடியுமா? சொல்லு, முடியுமா? அங்க எனக்கு யாரையும் தெரியாது. பிடிக்கலைன்னா அனுப்பிடுவேன். யாரும் மூஞ்சியைத் தூக்க மாட்டாங்க. போற வீட்டுல எல்லாம் ‘என் தங்கச்சிக்கு நான் பாதி விலைக்குக் குடுத்தேன்’னு சொல்ல மாட்டாங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"எப்பச் சொல்லல? குட்டி அந்தக் கருஞ்சிவப்பு வயலினைத்தான் கேட்டா. நீ அவ கையிலேர்ந்து வாங்கி ஆணியில மாட்டிட்ட."

"அது கத்தும்டி!"

"கத்தட்டும். அவ காதுலதானே கத்தப் போகுது."

வைத்துவிட்டாள்.

கத்தும். சத்தியமாகக் கத்தும். மேலே போகப் போகத் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கும். தெரிந்தும் நான் பேசாமல் இருக்கணுமா? ஊரான் பிள்ளை கேட்டால்கூடச் சொல்வேனே, இவளுக்குச் சொல்லக் கூடாதா? பள்ளிக்கூடம் போகும்போது இவளுக்குத் தலை பின்னிவிட்டது யார்? எனக்கென்று கூடப் பிறந்தவள் இவள் ஒருத்தி. அவளுக்கு முன்பின் தெரியாதவன் தேவலையாம். அக்கா வேண்டாமாம்.

சரி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்றுதான் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது எல்லாமே சரிதான். ஆனா நீ சொன்னதுக்கு அப்புறம் மத்தவங்க சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்கிறதில்ல" என்றார்.

இன்று சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த டெலிவரி ஆளை என்ன சொல்லித் திட்டுவது? மத்தியானம் நான் கடையைச் சாத்திவிட்டு வங்கிக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறான். வந்தவன் பார்சலைப் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறான். கண்ணாடிக் கடையில்! கண்ணாடிப் பார்சலை!

அவரே கொண்டுவந்து கொடுத்தார். மேலே படத்தோடு போட்டிருந்தது, மறைக்க வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாங்கினேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவில்லை.

"சொல்லியிருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேனே. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாமே."

"உங்ககிட்ட எப்படிங்க திருப்பிக் குடுக்கிறது?"

பட்டென்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது யார் பேச்சு என்று தெரிந்தது. அவர் "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவளிடமும் கோபம், இவரிடமும் கோபம், இப்போது என்னிடமும். இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படிக் கடை நடத்துவது?

புதுக் கண்ணாடி மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது. வழுக்கி வழுக்கி வருகிறது.

மார்ச் 19, புதன்

பலகையைக் கழற்றினேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வாசலோடு திரும்பியதும் ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை.

மார்ச் 20, வியாழன்

தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்தாறு முறை எழுதி அழித்த பிறகு: "சனிக்கிழமை குட்டியைக் கூட்டிட்டு வா. நான் கடையில இருக்க மாட்டேன், பக்கத்துக் கடையில இருப்பேன். அவளுக்கு எது பிடிக்குதோ அது. பிடிக்கலைன்னு ஒரு மாசத்துக்குள்ள கொண்டு வந்தா எடுத்துக்குவேன். மூஞ்சியைத் தூக்க மாட்டேன்."

அவள் பதில்: "பில் போடுவியா?"

"போடுவேன்."

"எல்லாருக்கும் போடற விலைக்கு?"

"எல்லாருக்கும் போடற விலைக்கு."

சொந்தத் தங்கையோடு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது. தலையெழுத்து.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரரைக் கல்லாவில் உட்கார வைத்தேன். நான் கண்ணாடிக்காரர் கடையில், சுவரோரமாக ஒரு நாற்காலியில். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். எல்லாம் கேட்கிறது.

குட்டி ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் எடுத்து வைத்திருந்ததையும் வாசித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன ஒரு கனிவான சத்தம்! அதான்டி, அதை எடு என்று வாய்விட்டுச் சொல்லப் போனேன். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். குட்டி அதைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு அந்தக் கருஞ்சிவப்பு. கீய்ய்ய். பல்லைக் கடித்தேன். மறுபடியும் கீய்ய்ய். குட்டி சிரிப்பது கேட்டது. மூன்று சனிக்கிழமையும் அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அதைத்தான் வாங்கினாள். பில் போட்டாயிற்று. தங்கை போகும்போது கண்ணாடிக் கடை வாசலில் நின்று, "வரேன்" என்றாள். உள்ளே வரவில்லை.

எனக்கு ஆறவே இல்லை. நல்லதை விட்டுவிட்டு அதைப் போய் எடுத்திருக்கிறாளே!

ஏப்ரல் 2, புதன்

தேர்வு நெருங்குகிறது. அந்தக் கத்தலைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் எதிரில் போய் நிற்கப் போகிறாள். தினமும் போனை எடுக்கிறேன், வைக்கிறேன். சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது சொல்லக் கூடாதா?

ஏப்ரல் 12, சனி

காலையில் குட்டி வந்தாள், தோளில் வயலினோடு. பின்னால் தங்கை. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, இது வேணாம். மேல போகும்போது கத்துது."

‘அப்பவே சொன்னேனே’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கின மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மோவாய் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கீறல். அதையும் ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். பணத்தை எடுத்துத் தங்கையிடம் நீட்டினேன். அவள் பணத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. என்னால் முடிந்தவரை வைத்திருந்தேன்.

வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "டீத்தூளை எங்கக்கா வச்சிருக்க?" என்று கேட்டபடி உள்ளறைக்குப் போனாள்.

அதற்குள் குட்டி அடுத்த வயலினை எடுத்திருந்தாள். நான் எடுத்து வைத்தது இல்லை. கடைசி வரிசையில் யாருக்கும் நான் சிபாரிசு செய்யாத ஒன்று. வில்லுக்கு ரோசின் பிசினைத் தடவிக்கொண்டு, நான் எப்போது போவேன் என்று என்னைப் பார்த்தாள்.

எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய், சுவரோரமாக உட்கார்ந்தேன். டீயைத் தங்கை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். தன்னுடையதையும் எடுத்து வந்திருந்தாள்.